இணைப்பை யார் மூடுவது?

2023 மார்ச் 20. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு, பக்கவாட்டுப் பட்டியலில் தாங்கள் பேசவே பேசாத உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. யாரோ, எங்கேயோ, எதையோ கேட்டிருக்கிறார்கள்; அது இங்கே வந்து நிற்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் சேவையை நிறுத்தியது. சில நாட்கள் கழித்து அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேரின் பெயர், மின்னஞ்சல், முகவரி, கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், காலாவதித் தேதி ஆகியவை வேறு ஒருவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்புண்டு.

செயற்கை நுண்ணறிவு மனிதர்களை உளவு பார்க்கிறது என்றெல்லாம் அந்த வாரம் பேசினார்கள். காரணம் அதைவிட மிகச் சாதாரணமானது. கேஷ் சர்வரோடு பேசும் ஒரு இணைப்பு, பாதி வேலையில் கைவிடப்பட்டு, சுத்தம் செய்யப்படாமல் அடுத்தவர் கைக்குப் போயிருக்கிறது. இணைப்பு என்றால் ஏதோ ஒயர் என்று நினைக்க வேண்டாம். நினைவகத்தில் கிடக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்சர், சில பைட்டுகள். அதை யார் உருவாக்குவது, யார் வைத்துக்கொள்வது, யார் அழிப்பது என்ற கேள்விக்கு இருபது வருடமாக நிரலாளர்கள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பதில்களைப் பற்றியது.

கேஷ் என்று தமிழில் எழுதும்போதே ஒரு சிக்கல், பணம் மாதிரிக் கேட்கிறது. இது ஒளித்து வைப்பது என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த கேஷ். அடிக்கடி கேட்கப்படும் பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். ஒவ்வொரு காபிக்கும் பால்காரர் வீட்டுக்கு ஓடாமல் ஒரு சொம்புப் பாலைக் காய்ச்சி அடுப்படியில் வைப்பது போல.

பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 1999இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தைத் தொடங்கினார். கூட்டம் சேரச் சேர டேட்டாபேஸ் திணறியது. ஒரே பதிவை ஆயிரம் பேர் படிக்க வந்தால் ஆயிரம் முறையும் அதே கேள்வி டேட்டாபேஸுக்குப் போகிறது. அவரிடம் வெப் சர்வர்கள் நிறைய இருந்தன, அவற்றில் நினைவகம் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த நினைவகத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பொதுச் சொம்பாக ஆக்கினால் என்ன? 2003 மே மாதம் மெம்கேஷ்டி பிறந்தது. முதல் வடிவத்தை பெர்ல் மொழியில் எழுதினார், அது தாக்குப்பிடிக்கவில்லை. அனடோலி வோரோபே அதை சி மொழியில் மாற்றி எழுதினார். கடைசியில் ஒட்டியிருக்கும் 'டி' டீமனைக் குறிக்கிறது. யூனிக்ஸில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்கு அந்தப் பெயர்.

சி மொழிக்கு வந்ததும் வேகம் வந்தது. கூடவே ஒரு கணக்குப்பிள்ளை வேலையும் வந்தது. பெர்லில் நாம் எடுத்த நினைவகத்தை மொழியே திரும்ப எடுத்துக்கொள்ளும். சி அப்படி இல்லை. மேலாக் என்று கேட்டு வாங்கியதை ஃப்ரீ என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். தர மறந்தால் கசியும். இரண்டு முறை தந்தால் நிரல் உடையும். தந்த பிறகும் அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சுஜாதா இதை இரண்டு பக்கத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்திருப்பார். அதே ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து எழுதும் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பக்கம் வேண்டும்.

மெம்கேஷ்டி சர்வரின் நிரலைத் திறந்தால் கான் என்ற ஸ்ட்ரக்சர் கண்ணில் படும். வெளியிலிருந்து ஒரு நிரல் வந்து இணைந்ததும் அதன் பெயரில் ஒரு கான் உருவாகும். எந்த சாக்கெட், இப்போது படிக்கும் நிலையா எழுதும் நிலையா, இதுவரை வந்த பைட்டுகள் எங்கே, அனுப்ப வேண்டியவை எங்கே என்று எல்லாம் அதற்குள். ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்கும் கேஸ் ஷீட் மாதிரி. டாக்டருக்கு எல்லா நோயாளியையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, ஷீட்டைப் பார்த்தால் போதும். மெம்கேஷ்டியும் ஆயிரம் பேரை ஒரே சமயத்தில் கவனிப்பது இப்படித்தான்.

பழைய பதிப்புகளில் ஒரு சின்ன சாமர்த்தியம் இருந்தது. இணைப்பு மூடப்பட்டதும் கானை அழிக்க மாட்டார்கள், ஒரு காலிப் பட்டியலில் போட்டு வைப்பார்கள். அடுத்து வருபவருக்கு அதையே துடைத்துக் கொடுப்பார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பந்தி நாற்காலியை மடித்து லாரியில் ஏற்றுவதில்லையே. ஆனால் ஒரு ஆபத்து. யாரோ ஒருவர் பெரிய கோரிக்கை அனுப்பியதால் கானின் படிப்பு பஃபர் ஊதிப் பெருத்திருக்கும். அதை அப்படியே பட்டியலில் போட்டால் பெருத்த நாற்காலிகளாகவே சேர்ந்துவிடும். அதனால் பஃபர் ஒரு எல்லையைத் தாண்டியிருந்தால் பழைய அளவான 2048 பைட்டுக்குச் சுருக்கும் ஒரு ஃபங்ஷனையும் எழுதி வைத்தார்கள். பிறகு இந்தக் காலிப் பட்டியலே போய், சாக்கெட் எண்ணையே இட எண்ணாகக் கொண்ட வரிசை வந்தது.

2048 பைட் என்பது சில்லறைக் காசு. அதை லட்சத்தால் பெருக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

பெருக்கல் எப்படி வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வெப் சர்வர், ஒவ்வொன்றிலும் 50 ப்ராசஸ். மொத்தம் 5,000. எந்தத் தகவல் எந்த கேஷ் சர்வரில் இருக்கும் என்பதைச் சாவியை வைத்துக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பதால், ஒவ்வொரு ப்ராசஸும் எல்லா கேஷ் சர்வரோடும் பேசியாக வேண்டும். 20 கேஷ் சர்வர் என்றால் ஒரு லட்சம் இணைப்புகள். பெரும்பாலான நேரம் அவற்றில் ஒரு பைட்டும் ஓடாது. ஓடாத இணைப்புக்கும் கான் உண்டு, பஃபர் உண்டு. மெம்கேஷ்டி இயல்பாக அனுமதிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை 1,024 மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்தாலே தெரியும், எழுதியவர்கள் எந்த அளவுக் கூட்டத்தை மனதில் வைத்திருந்தார்கள் என்று.

பேஸ்புக் இதில் போய் முட்டியது. 2008 டிசம்பரில் பால் சாப் எழுதிய குறிப்பின்படி அப்போது அவர்களிடம் 800க்கும் மேற்பட்ட மெம்கேஷ்டி சர்வர்கள், 28 டெராபைட் நினைவகம். ஒவ்வொரு சர்வருக்கும் லட்சக்கணக்கில் இணைப்புகள். தகவலை வைக்க வேண்டிய நினைவகத்தில் பல ஜிகாபைட்டை இணைப்புகளின் பஃபர்களே தின்றுகொண்டிருந்தன. வீடு கட்ட வாங்கிய மனையில் பாதியைச் சுற்றுச்சுவர் பிடித்துக்கொண்டது போல. அவர்கள் செய்தது எளிமையானது. பஃபரை இணைப்பின் சொத்தாக வைக்காமல் த்ரெட்டின் பொதுச் சொத்தாக்கினார்கள். எந்த இணைப்பில் வேலை நடக்கிறதோ அது அந்த நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். படிக்கும் கோரிக்கைகளுக்கு யூடிபி முறைக்கும் மாறினார்கள். யூடிபியில் உறவே கிடையாது, ஒரு கேள்வி, ஒரு பதில், போய்ட்டு வரேன்.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது, பொது மெம்கேஷ்டிக்கு இந்த யோசனை முழுசாக வந்து சேர எடுத்த காலம். சும்மா இருக்கும் இணைப்பு படிப்பு பஃபரைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்ற மாற்றம், 2020இல் வந்த 1.6 பதிப்பில்தான் அடிப்படையானது. பன்னிரண்டு வருடம். திறந்த மூலம் என்றால் எல்லாம் உடனே பரவிவிடும் என்று நினைக்கிறோம். பேஸ்புக்கின் தலைவலி மற்றவர்களுக்கு வரும்வரை அந்த மாத்திரையை யாரும் கேட்கவில்லை.

ட்விட்டர் வேறு வழியில் போனது. 2012இல் மஞ்சு ராஜசேகர் எழுதிய ட்வெம்ப்ராக்ஸி வெளியானது. இதுவும் சி. அதன் முதன்மை நோக்கமே பின்னால் இருக்கும் கேஷ் சர்வர்களுக்குப் போகும் இணைப்புகளைக் குறைப்பதுதான். வெப் சர்வர் பக்கத்திலேயே ஒரு இடைத்தரகரை உட்கார வைத்து, எல்லா ப்ராசஸும் அவரிடம் பேச, அவர் மட்டும் கேஷ் சர்வரிடம் ஒன்றிரண்டு இணைப்பில் பேசுவார். 2014இல் பேஸ்புக் திறந்துவிட்ட எம்சிரவுட்டரும் இந்தக் குடும்பம்தான்.

நம் ஊரில் இந்தக் கதைக்கு நெருக்கமான காட்சி காலை பத்து மணி தத்கல். திருச்சியிலிருந்து சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்கத் தவித்தவர்களுக்கு அந்தச் சுழலும் வட்டம் நன்றாக ஞாபகம் இருக்கும். 2014 ஏப்ரலில் ஐ.ஆர்.சி.டி.சி. புதிய முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்று இருந்த திறன் 7,200 ஆனது. அதன் உள்ளே இருந்தது தகவலை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஜெம்ஃபயர் என்ற மென்பொருள். அது ஜாவா உலகம், நம் சி கதையில் சேராது. ஆனால் டேட்டாபேஸ் வாசலில் நெரிசல், அதனால் நடுவில் ஒரு சொம்பு என்ற காரணம் அதேதான்.

இதுவரை சொன்னது சர்வர் பக்கம். எதிர்ப்பக்கம் இன்னும் சிக்கல்.

சர்வரை எழுதுபவர் நாலு பேர். அவர்களுக்குள் பேசி, கானை யார் அழிப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். கிளையன்ட் லைப்ரரி அப்படி அல்ல. எழுதுபவர் ஒருவர், அதைத் தன் நிரலில் சேர்ப்பவர் உலகில் எங்கோ இருக்கும் இன்னொருவர். இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். ஸ்ட்ரக்சர் ஒன்று, உரிமையாளர் இரண்டு பேர். மெம்கேஷ்டிக்கு சி கிளையன்ட்கள் ஒன்றிரண்டு இருந்தும், நிலைத்து நின்றது மைஎஸ்க்யூஎல் உலகில் பெயர்பெற்ற பிரையன் ஏக்கர் தொடங்கிய லிப்மெம்கேஷ்டி.

அதன் மையம் ஒரு ஸ்ட்ரக்சர். எந்தெந்த சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் திறந்திருக்கும் சாக்கெட், எந்தச் சாவி எங்கே போக வேண்டும் என்ற கணக்கு, எத்தனை மில்லி நொடி காத்திருப்பது, கடைசியாக வந்த பிழை எல்லாம் அதற்குள். இதை உருவாக்க 'கிரியேட்' என்ற ஃபங்ஷன். அதற்கு நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டால் லைப்ரரியே நினைவகம் வாங்கிக் கட்டித் தரும். உங்களிடம் ஏற்கெனவே இடம் இருந்தால் அதைக் கொடுக்கலாம், அதில் கட்டும். அழிக்க 'ஃப்ரீ'. எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு ஏற்ப அழிக்க வேண்டுமே? அதற்காக ஸ்ட்ரக்சருக்குள்ளேயே ஒரு பிட்: இந்த மனை நாங்கள் வாங்கியதா, நீங்கள் கொடுத்ததா. நாங்கள் வாங்கியது என்றால் கட்டடம், மனை இரண்டையும் விடுவிப்போம். நீங்கள் கொடுத்தது என்றால் கட்டடத்தை மட்டும் இடித்துவிட்டு மனையை உங்களிடமே விட்டுவிடுவோம். ஒரே ஒரு பிட். அது தவறினால் நிரல் உடையும்.

இப்படிச் சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் அந்த லைப்ரரி முழுக்க. சர்வர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து உள்ளே தள்ளினால், லைப்ரரி அதை நகல் எடுத்துக்கொள்ளும்; நீங்கள் தயாரித்த பட்டியலை நீங்கள்தான் அழிக்க வேண்டும். ஒரு மதிப்பைக் கேட்டு வாங்கினால், அதை லைப்ரரி மேலாக் செய்து தரும், ஃப்ரீ செய்வது உங்கள் பொறுப்பு. 'குவிட்' சொன்னால் சாக்கெட்டுகள் மூடும், ஸ்ட்ரக்சர் இருக்கும். 'ஃப்ரீ' சொன்னால் குவிட்டும் சேர்ந்தே நடக்கும். 'க்ளோன்' சொன்னால் அமைப்புகள் நகலாகும், திறந்திருக்கும் சாக்கெட்டுகள் வராது. இவற்றில் ஒன்றையும் சி கம்பைலர் சரிபார்க்காது. எல்லாம் கையேட்டில் எழுதி வைத்திருக்கும் வார்த்தை மட்டும்தான்.

இந்தக் கையேடுகளைப் படிக்கும்போது எனக்குக் கோயிலொழுகு நினைவுக்கு வரும். ஸ்ரீரங்கம் கோயிலின் நிர்வாக வரலாறு அது. ராமானுஜர் கோயில் காரியங்களை ஒழுங்குபடுத்தியதை விரிவாகச் சொல்லும். திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் யார் கொண்டுவர வேண்டும், விளக்கு யார், காவல் யார், எந்தக் கொத்துக்கு எந்தக் கைங்கரியம், அதற்கு என்ன மரியாதை. பக்தி இலக்கியம் என்று நினைத்து எடுத்தால் கையில் வருவது பொறுப்புகளின் பட்டியல். ஒரே பாத்திரத்தைப் பல கைகள் தொடும் இடத்தில் வேறு வழியில்லை. எழுதி வைக்காவிட்டால் ஒன்று யாரும் செய்ய மாட்டார்கள், இல்லை இரண்டு பேர் செய்வார்கள். சி நிரலிலும் நடக்கக்கூடிய இரண்டு விபத்துகள் அவைதான்.

எழுதி வைத்தும் படிக்காமல் போனால்? பி.எச்.பி. மொழியின் மெம்கேஷ்டு நீட்சி லிப்மெம்கேஷ்டி மேல் கட்டியது. பி.எச்.பி. ஒவ்வொரு கோரிக்கை முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும் மொழி. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைவது வீண் என்று, ஒரு பெயர் கொடுத்தால் அந்த ஸ்ட்ரக்சர் ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை நிலைத்திருக்கும் வசதியைத் தந்தார்கள். நல்ல வசதி. ஆனால் பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 'இந்த சர்வரைச் சேர்' என்ற வரியையும் ஓட்டினார்கள். ஸ்ட்ரக்சர் மறக்கவில்லை, சேர்த்துக்கொண்டே போனது. ஒரே சர்வர் பட்டியலில் நூறு முறை, ஆயிரம் முறை. பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள் என்பது பி.எச்.பி. நிரலாளர்களுக்கு நெடுங்காலமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை. நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் ப்ராசஸ்களைத் தினம் நள்ளிரவில் மறுதொடக்கம் செய்யும் ஒரு வழக்கம் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, சம்பிரதாயம் என்றார்கள். தோண்டிப் பார்த்தால் அடியில் இதுதான் இருந்தது.

அடுத்தது த்ரெட். லிப்மெம்கேஷ்டியின் ஸ்ட்ரக்சரை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் தொடலாம். இரண்டு பேர் ஒரே சாக்கெட்டில் எழுதினால் இரண்டு பேர் ஒரே வாயால் பேசியது மாதிரி ஆகிவிடும். த்ரெட்டுக்கு ஒன்று என்று வைத்தால் மறுபடி அந்த லட்சம் இணைப்புக் கணக்கு. அதற்காக வந்தது பூல். ஒரு மூல ஸ்ட்ரக்சரைக் கொடுத்தால் அதை க்ளோன் செய்து செய்து ஒரு குவியல் வைத்துக்கொள்ளும். வேண்டும்போது ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பமான ஒப்பந்தம் உண்டு. பூலை அழித்தால் க்ளோன்கள் போகும், ஆனால் நீங்கள் கொடுத்த மூல ஸ்ட்ரக்சரை அது உங்கள் கையில் திருப்பித் தந்துவிடும். அதை நீங்கள்தான் ஃப்ரீ செய்ய வேண்டும். கொடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பது நியாயம்தான், ஞாபகம் இருக்க வேண்டுமே.

பூல் என்பது வாடகை சைக்கிள் கடை. மணிக்கு இத்தனை ரூபாய் என்று சின்ன சைக்கிள் எடுத்து உத்திர வீதியைச் சுற்றிய கடைசித் தலைமுறை அநேகமாக எங்களுடையதுதான். சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் கடைக்காரர் அப்படியே எடுத்து வைக்க மாட்டார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், பெடலை ஒரு சுற்றுச் சுற்றுவார், செயினைப் பார்ப்பார். பத்து நொடி. அந்தப் பத்து நொடியைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் பஞ்சர் அடுத்த பையன் தலையில் விழும்.

இப்போது மார்ச் 20க்குத் திரும்பலாம்.

சாட்ஜிபிடி பயன்படுத்தியது ரெடிஸ் என்ற கேஷ். சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் சி மொழியில் எழுதியது. அதனுடன் பேச பைதான் லைப்ரரி ஒன்று, இணைப்புகளைப் பூலில் வைத்திருக்கும். ரெடிஸின் பேச்சு முறையில் கேள்விக்கு எண் கிடையாது, பதிலுக்கும் கிடையாது. கேட்ட வரிசையில் பதில் வரும். வரிசைதான் அடையாளம். பிரசாத ஸ்டாலில் சீட்டு இல்லாமல், நின்ற வரிசைப்படி பொட்டலம் கொடுப்பதைப் போல.

அந்த வரிசையில் ஒருவர், புளியோதரை கேட்டுவிட்டு, பொட்டலம் வருவதற்குள் போன் வந்தது என்று நழுவிப் போய்விட்டால்? பின்னால் நின்றவர் முன்னே வருகிறார். அவர் கேட்டது சர்க்கரைப் பொங்கல், அவர் கைக்கு வருவது புளியோதரை. அவருடைய சர்க்கரைப் பொங்கல் அதற்கும் அடுத்தவருக்கு. ஓரிடம் நகர்ந்தால் எல்லாமே நகரும். அந்த லைப்ரரியில் நடந்தது இதேதான். கேள்வி போய்விட்டது, பதில் வருவதற்குள் கோரிக்கை ரத்தானது, பதில் இணைப்பிலேயே தங்கிவிட்டது. டயரை அழுத்திப் பார்க்காமல் இணைப்பைப் பூலில் திரும்ப வைத்தார்கள். அடுத்து எடுத்தவர் தன் கேள்வியைக் கேட்டு முந்தையவரின் பதிலைப் படித்தார். பெரும்பாலும் எதிர்பார்த்த வகைக்கும் வந்த வகைக்கும் பொருந்தாமல் பிழை வந்துவிடும். வகை பொருந்திய சமயங்களில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அன்று காலை ஓப்பன்ஏஐ தன் சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால் ரத்தாகும் கோரிக்கைகள் திடீரெனக் கூடின, அபூர்வம் அடிக்கடி ஆனது. லைப்ரரிக்கு முதலில் போட்ட திருத்தம் போதவில்லை, இன்னொரு திருத்தமும் வந்தது.

சி மொழியில் வளர்ந்த பழைய லைப்ரரிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு முரட்டு ஒழுக்கம் உண்டு. சந்தேகமா, சாக்கெட்டை மூடு. ரெடிஸுக்கான சி கிளையன்ட் ஹைரெடிஸில் ஒரு இணைப்பின் ஸ்ட்ரக்சரில் பிழை என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அந்த இணைப்பில் தொடர்ந்து பேச முடியாது, புதிதாக இணைய வேண்டும். வீண் செலவு மாதிரித் தெரியும். இந்த முரட்டுத்தனம் கோழைத்தனமல்ல என்று அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு வாதிட வேண்டியதில்லை.

வடிவம் பொருந்தியதால் ஏமாறுவது பற்றி யோசிக்கும்போது ஸ்ரீரங்கத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்லிப் படைகள் வந்தபோது உற்சவரை ஊரைவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பல ஊர் சுற்றி, திருமலையிலும் இருந்து, 1371இல் விஜயநகரத்தின் கோபண்ணர் காலத்தில் அவர் திரும்பினார். அதற்குள் இங்கே வேறொரு உற்சவரை எழுந்தருளச் செய்து பூஜை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மூர்த்தி. எவர் பழையவர்? பார்த்தவர்கள் பெரும்பாலும் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் ஒரு ஈரங்கொல்லி, கோயில் துணி வெளுப்பவர், மிக வயதானவர், கண் பார்வை இல்லை. இரண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செய்து அந்த ஈர ஆடைத் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை வைத்து இவர்தான் நம் பெருமாள் என்று சொன்னார், நம்பெருமாள் என்ற பெயர் அப்படி நின்றது என்பது கோயில் மரபு. இன்னொருவரையும் விலக்கவில்லை, திருவரங்க மாளிகையார் என்று அவரும் இருக்கிறார்.

இது நடந்த விதம் இப்படித்தானா என்று வரலாற்றாளர்கள் பேசிக்கொள்ளட்டும். வெளியே போய்த் திரும்பிய ஒன்றை உருவத்தை மட்டும் பார்த்து உள்ளே விடவில்லை, உருவம் சம்பந்தப்படாத ஒரு சோதனை கேட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கண் தெரியாதவரிடம் கேட்டதே அதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

மெம்கேஷ்டிக்கு அப்படி ஒரு சோதனை இருந்தது. 2009இல் 1.4 பதிப்போடு வந்த பைனரி பேச்சு முறையில் ஒவ்வொரு கேள்வியுடனும் கிளையன்ட் ஒரு எண்ணை அனுப்பலாம். சர்வருக்கு அதன் பொருள் தெரியாது, தெரியவும் வேண்டாம். பதிலோடு அதை அப்படியே திருப்பி ஒட்டி அனுப்பும். எண் பொருந்தாவிட்டால் இது என் பொட்டலம் இல்லை. பிரசாத ஸ்டாலுக்குச் சீட்டு வந்துவிட்டது. பாவம், அந்தப் பைனரி முறை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. படிக்கக் கடினம், பிழை திருத்தக் கடினம். மெம்கேஷ்டியைப் பராமரிப்பவர்களே இப்போது அதைக் கைவிடச் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பதிலாக வந்த மெட்டா கட்டளைகளில் இந்தச் சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

லிப்மெம்கேஷ்டி என்ன ஆனது? 2014 பிப்ரவரியில் 1.0.18 வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அறிவிப்பு இல்லை, விடைபெறல் இல்லை. உலகம் முழுக்க பி.எச்.பி. தளங்கள் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தன. புதிய கம்பைலர்கள் அதன் பழைய வரிகளைப் பார்த்து முறைத்தன. டெபியன், ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் குழுக்கள் ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தில் ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். எந்த ஒட்டும் மூலத்துக்குப் போகவில்லை, வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. எதை யார் ஃப்ரீ செய்ய வேண்டும் என்று அத்தனை கவனமாகக் கையேடு எழுதிய லைப்ரரிக்கு, லைப்ரரியை யார் பார்த்துக்கொள்வது என்ற வரி எழுதப்படவே இல்லை. பிரையன் ஏக்கரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு வருடம் ஒரு பாலத்தைத் தாங்கியவர் எட்டாவது வருடம் வீட்டுக்குப் போனால் கேள்வி கேட்க வேண்டியது அவரையா, பாலத்தில் லாரி ஓட்டியவர்களையா?

ஆறு வருடத்துக்கும் மேல் அப்படியே கிடந்தது. பிறகு பி.எச்.பி. உலகில் ஏற்கெனவே அறியப்பட்ட மைக்கேல் வால்னர் அதை எடுத்தார். சிதறிக் கிடந்த ஒட்டுகளைச் சேர்த்தார், கட்டும் முறையை மாற்றினார், சோதனைகளை மறுபடி ஓட வைத்தார், 1.1 என்று எண் கொடுத்து வெளியிட்டார். லினக்ஸில் இன்று அந்த லைப்ரரியை நிறுவினால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய பதிப்புதான். கிரியேட்டும் க்ளோனும் ஃப்ரீயும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. மனை யாருடையது என்று சொல்லும் அந்த ஒற்றை பிட்டும் இருக்கிறது.